வாசலில் ஒரு சல்யூட்

மெடிக்கல் போர்டுக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டிரில் மாஸ்டர் ஐந்தரைக்கே சவரம் செய்து முடித்துவிட்டார்.

குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை குழாயைப் பிடித்திருந்தது. கண்ணாடியில் தன் கண்களையே பார்த்துக்கொண்டு வலது கையால் மழித்திருந்தார். ஒரு கீறல் இல்லை.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"ரெண்டு நாள் தாடியோட போனா குறைஞ்சா போயிடுவீங்க?"

"போர்டு முன்னாடி போய் நிக்கணும்."

"பொண்ணு பாக்கற மாதிரி போனா பொண்ணுதான் குடுப்பாங்க. பென்ஷன் குடுக்க மாட்டாங்க."

அவர் துண்டால் முகத்தை ஒற்றினார். எழுந்து சுவரில் கை வைத்தார். குளியலறையிலிருந்து கட்டில்வரை சுவரில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அவர் கை போட்ட கோடு. போன மாதம் வீட்டுக்காரர் வந்து அதைப் பார்த்தார். காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். எப்போது காலி செய்வதாக உத்தேசம் என்றும் கேட்டார்.

மாஸ்டர் பல வருடங்கள் பயிற்சி முகாமில் இருந்தவர். புதிதாகப் படையில் சேரும் பையன்களுக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. நிற்க, திரும்ப, நடக்க, சல்யூட் அடிக்க. பிறகு சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மழைநாளில் அவருடைய லாரிக்கு முன்னால் போன லாரி கண்ணிவெடியில் ஏறியது. அதில் இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. இவருக்கு உடம்பில் ஒரு காயம் இல்லை. காதில் மட்டும் கொஞ்சம் ரத்தம் வந்தது. துடைத்ததும் நின்றுவிட்டது.

உள்காது இரண்டும் போயிருந்தன. அதன் பிறகு அவரை நிமிர்த்தி வைத்திருந்தவை கண்கள்தான். அசையாத எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை நிற்பார். இருட்டில் நிற்க முடியாது. கண்ணை மூடினால் முடியாது. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பினால் தரை நழுவும். தலைக்குக் குளிக்கும்போது மனைவிதான் தண்ணீர் ஊற்றினாள். சோப்பு எரிந்தாலும் அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். வீட்டில் இரவு முழுவதும் விளக்கு எரிந்தது.

படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு வேண்டிய சர்வீஸில் இரண்டு வருடம் குறைந்தது. விடுவிப்புக் காகிதத்தில் 'தலைச்சுற்றல், நாளடைவில் சரியாகும்' என்று எழுதியிருந்தது.

ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. முதல் மின்வெட்டில் மாடிப்படியிலிருந்து உருண்டார். பிறகு ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றார். ஒரு அம்மாள் பக்கத்திலிருந்து "இந்தாப்பா" என்று கூப்பிட்டாள். திரும்பினார். அடுக்கி வைத்திருந்த எண்ணெய் டின்களோடு விழுந்தார். மானேஜர் வந்து ஊதச் சொன்னான். ஊதினார். வாசனை எதுவும் வரவில்லை.

"அப்ப மாத்திரையா?" என்றான் மானேஜர்.

மூன்றாவது இடத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே விழுந்துவிட்டார்.

மனைவிக்கு லாண்ட்ரியில் வேலை. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி மெஷினில் தேய்த்து மடிக்க வேண்டும். நின்றபடிதான் செய்ய முடியும். சென்ற வருடத்திலிருந்து இரண்டு ஷிஃப்ட். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. ஒருமுறை ஒன்று உடைந்து செருப்பு நனைந்தது. ஒரு ஷிஃப்டையாவது விட்டுவிட வேண்டும் என்றார் டாக்டர். விட்டால் எதைச் சாப்பிடுவது என்பது அவர் துறை இல்லை.

ஊன ஓய்வூதியம் கிடைத்தால் விடலாம்.

"எனக்கு உக்காரணும்," என்றாள் அன்று காலை. அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "வேற ஒண்ணும் வேணாம். சாயங்காலத்துக்கு மேல உக்காரணும்."

"தெரியும்."

"நீங்க நடிக்கல்லாம் வேணாம். வீட்ல எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. அது போதும்."

"சரி."

"சரிங்கறீங்க. ஷூவுல என் மூஞ்சி தெரியுது."

மனைவியின் தம்பி பார்சல் வேன் ஓட்டுகிறவன். அன்று காலை எடுக்க வேண்டிய லோடை விட்டுவிட்டு அவர்களை அழைத்துப்போக வந்திருந்தான். வேனில் ஏறும்போது மாஸ்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினான். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பாக்கறார் பாருங்க மாமா. பொழுது விடியறதுக்குள்ள ஏத்திக்கிட்டார்னு நெனைக்கறார். உங்கள மாதிரி கைக்காசு செலவில்லாம போதை ஏத்தறதுக்கு இந்தத் தெருவுல ஆள் கிடையாது."

மாஸ்டர் சிரித்தார். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை.

"நீ வாய மூடிட்டு ஓட்டுடா," என்றாள் அக்கா.

போர்டு இருந்த கட்டடத்துக்குப் பெரிய கேட். வண்டி உள்ளே போகக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். கேட்டிலிருந்து கட்டடம்வரை சரளைக்கல் பரப்பிய மைதானம். நடுவில் ஒரு மரம் இல்லை, கம்பி இல்லை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. போர்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். ஒற்றைக்காலோடு ஒருவர் பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் வலது கையில் கைத்தடியை ஊன்றினார். மனைவி இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோளில் காகிதங்கள் இருந்த பை. கேட்டைத் தாண்டினார்கள்.

தகரக் கொட்டகையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்தான். குதிகால்கள் மோதின. கை நெற்றிக்குப் போயிற்று.

"மாஸ்டர் சார்!"

மாஸ்டர் மனைவியின் கையை விட்டார். கைத்தடி இடது அக்குளுக்கு மாறியது. முதுகு நிமிர்ந்தது. வலது கை எழுந்து, ஒரு நொடி நின்று, இறங்கியது. அதன் பிறகுதான் காவலாளியின் உள்ளங்கை தொடையில் தட்டி ஓய்ந்தது. திருப்பி அடிக்கும்வரை அடித்தவன் கையை இறக்கக் கூடாது. மாஸ்டர் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்லிக்கொடுத்த விதி.

"தெரியுதா சார்? எலி."

அவனுடைய விடைத்த காதுகளைப் பார்த்ததும் தெரிந்தது. அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான்.

"எலியா. எப்படிடா இருக்கே?"

"இருக்கேன் சார்."

"பெல்ட் தொங்குது."

"சரி பண்ணிக்கறேன் சார்."

மாஸ்டர் மைதானத்தைப் பார்த்தார். கட்டடத்தின் வாசலுக்கு மேல் ஒரு கடிகாரம். அதில் கண்ணை வைத்தார். மெதுவாக நடந்தால்தான் அவருக்குத் தள்ளாடும். கண்ணை ஒரு புள்ளியில் குத்தி, குதிகாலை அழுத்தி, வேகமாகப் போனால் கொஞ்ச தூரம் தரை இடம் கொடுக்கும். அது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதும் தெரியும். எலி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் செய்து போனார். சரளை ஒரே சீராக நொறுங்கியது. ஒற்றைக்கால்காரரைத் தாண்டினார். மனைவி பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

உள்ளே போனதும் கழிப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். மனைவி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டாள். அங்கே வேறு யாரும் இல்லை.

போர்டில் மூன்று பேர். இருவர் கையெழுத்துப் போட வந்தவர்கள். நடுவில் இருந்தவர்தான் டாக்டர். மெதுவாகப் பேசினார். காதில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலைப் பார்க்கச் சொன்னார். கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார்.

"இப்ப கண்ண மூடுங்க."

மாஸ்டர் மூடினார். மரம் சாய்வதுபோல அப்படியே சாய்ந்தார். கையை ஊன்றக்கூட இல்லை. உதவியாளன் பாதியில் பிடித்தான். இருந்தும் மேஜை விளிம்பு நெற்றியில் பட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இவர் வீட்ல தனியா நடப்பாரா?"

"சுவரப் புடிச்சிட்டுதான் சார். இல்லன்னா நான் புடிச்சிப்பேன்."

"இன்னிக்கு கேட்லேர்ந்து யார் புடிச்சிட்டு வந்தாங்க?"

அவள் மாஸ்டரைப் பார்த்தாள்.

டாக்டர் எழுந்துபோய் ஜன்னல் திரையை ஒதுக்கினார். மைதானம் முழுவதும் தெரிந்தது. சரளை, கேட், தகரக் கொட்டகை. எலி நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஒருத்தர் எப்படி நடக்கறார்னு நான் இந்த ரூம்ல பாக்கறதில்லம்மா. இந்த ரூம்ல எல்லாரும் விழுவாங்க."

"இவருக்கு நெஜமாவே..."

"நெத்தியில மருந்து போட்டுட்டுப் போங்க."

தபால் வர ஒரு மாதம் ஆயிற்று. மாஸ்டர்தான் பிரித்தார். எழுத்தில் கண்ணை வைத்தால் வரிகள் ஆடும். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'ஊனம் நிரூபிக்கப்படவில்லை. விண்ணப்பதாரர் பணி செய்யத் தகுதியானவர்.'

தகுதியானவர் என்ற இடத்தில் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அவருக்கே தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்தது.

"சந்தோஷமா?" என்றாள்.

அன்று அவள் இரண்டாவது ஷிஃப்டுக்குச் சீக்கிரமே கிளம்பிப்போனாள்.

எலியைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்தவன் மைத்துனன். போர்டு கட்டடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பார்சல் இறக்கப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"மாமா, உங்க எலி உங்களுக்கு மட்டும் அடிக்கல. போர்டுக்கு வர்ற அத்தன பேருக்கும் அடிக்கறான். அடிக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. எவன் கைத்தடிய விட்டுட்டுத் திருப்பி அடிக்கறான், எவன் நிமிர்ந்து நடக்கறான்னு அவர் மேல நின்னு பாக்கறாராம்."

மாஸ்டர் சுவரில் இருந்த கறுப்புக் கோட்டில் கண்ணை வைத்தார்.

"டீக்கடைல பந்தயமே கட்டறாங்க. இவன் அடிப்பானா மாட்டானான்னு. அன்னிக்கு உங்க மேல யாரும் கட்டலியாம்."

"ஏன்?"

"ஷூவப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சாம்."

மனைவி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரு அந்த எலி? உங்களுக்கு என்ன பண்ணான்?"

"அவன் ஒண்ணும் பண்ணல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

மாஸ்டர் யோசித்தார். பிறகு ஒரு வேடிக்கைக் கதைபோல அதைச் சொன்னார். முகாமில் எல்லாப் பையன்களுக்கும் ஊசி போட்ட வாரம். மறுநாள் சல்யூட் பயிற்சி. ஜோடி ஜோடியாக நிறுத்தி ஒருவன் அடிக்க மற்றவன் திருப்பி அடிக்க வேண்டும். எலிக்குக் கை வரவில்லை. தோள் வீங்கியிருந்தது. எதிரே நின்றவன் நெற்றியில் வைத்த கையை இறக்க முடியாமல் நின்றான்.

"நான் போய்க் கேட்டேன். என்னடா, கை வரலியா? வரலைன்னா சொல்லு, டாக்டர்கிட்ட கை இல்லாதவன்னு எழுதி வாங்கிடலாம்னேன். எல்லாப் பயலும் சிரிச்சிட்டான். வெயில்ல நிக்க வெச்சேன். மத்தியானத்துக்குள்ள கை தானா வந்திடுச்சு."

மைத்துனன் சிரித்தான்.

"ஊசி போட்ட கையா?" என்றாள் மனைவி.

"எல்லாருக்கும்தான் போட்டாங்க."

"அப்ப அவன் கணக்கு தீத்துட்டான்."

"இல்ல." மாஸ்டர் தலையை ஆட்டப் போய் நிறுத்திக்கொண்டார். தலையை ஆட்டினால் சுற்றும். "அவனுக்கு உத்தரவு. உத்தரவ ஒழுங்கா செய்யறான். குதிகால் எப்படிச் சேர்ந்துச்சு பாத்தல்ல?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி படுத்துக்கொண்டாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று தபாலிலேயே எழுதியிருந்தது. விசாரித்தார்கள். மேல்முறையீட்டுக்கும் அதே கட்டடம், அதே மைதானம். டாக்டரும் அவரேதான். ஒருவருக்கு ஒரு மேல்முறையீடுதான்.

"இந்தத் தடவ அவன் சல்யூட் அடிச்சா நீங்க அடிக்கக் கூடாது," என்றாள் மனைவி. "அவ்வளவுதான். என் கையப் புடிச்சிட்டு, எப்படித் தள்ளாடுதோ அப்படித் தள்ளாடி வரணும்."

"சரி."

அவள் அவர் முன்னால் வந்து நின்று சல்யூட் அடித்தாள். அவர் கை எழுந்து நெற்றிக்குப் போயிற்று.

"இதத்தான் சொல்றேன்."

அன்றிலிருந்து பயிற்சி. மைத்துனன் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து குதித்து சல்யூட் அடித்தான். மாஸ்டரின் கை எழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடித்தான். சோற்றுக் கை எழுந்து நெற்றியில் பருக்கை ஒட்டியது. மனைவி அவர் வலது கையில் கடைப் பையைக் கொடுத்து நிற்க வைத்தாள். பை இடது கைக்கு மாறியது. இரண்டு கைகளிலும் பை கொடுத்தார்கள். இரண்டையும் கீழே வைத்துவிட்டு அடித்தார்.

"முட்டை இருந்துச்சுங்க அதுல."

"கையக் கட்டிப் போட்டாலும் மனுஷன் காலால அடிப்பார் போல இருக்கேக்கா," என்றான் மைத்துனன்.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"நீங்க பண்றது தப்பு. இப்படித் திடீர் திடீர்னு பண்ணா கை பயந்து எழும்பும். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சத்தம். அடிக்கறவங்க கைய எறக்கக் கூடாது. எனக்கு அலுக்கற வரைக்கும் நிக்கணும். மறுநாள் திரும்ப. பழக்கறதும் இப்படித்தான். பழக்கத்த எடுக்கறதும் இப்படித்தான்."

அவரே நேரம் குறித்தார். முதல் ஷிஃப்ட் முடிந்து அவள் லாண்ட்ரியிலிருந்து வந்து கதவைத் தட்டும் நேரம். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவள் பையைத் தோளில் மாட்டியபடியே வாசற்படியில் நின்று சல்யூட் அடிப்பாள். குதிகால் சேரவில்லை என்று முதல் நாளே திருத்தினார்.

"எனக்குக் கால் வலிக்குதுங்க."

"சேத்து வை. இல்லன்னா கைக்கு வித்தியாசம் தெரிஞ்சிடும்."

அவள் சேர்த்து வைத்தாள்.

அவர் கை எழுந்தது. மறுநாளும் எழுந்தது. சில நாட்கள் கழித்து மார்புவரை வந்து நின்றது. பிறகு முழங்கை மட்டும் அசைந்தது. விரல்கள் துடித்தன. அவள் ஒவ்வொரு மாலையும் நெற்றியில் கையை வைத்தபடி, வீங்கிய கால்களைச் சேர்த்து நின்றாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். இந்த வீட்டில் இப்போது இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் யாரிடமோ சொன்னாராம்.

ஒரு மாலை அவள் வந்தபோது அவர் தட்டில் அவரைக்காய் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் குதிகாலைச் சேர்த்தாள். கையை உயர்த்தினாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குனிந்து அடுத்த காயை எடுத்தார். கத்தி நிற்கவில்லை.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"வந்திடுச்சுங்க," என்றாள்.

"ம்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவர் நறுக்கியதையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சல்யூட் அடிக்கவில்லை.

மேல்முறையீட்டு நாளன்று அவர் சவரம் செய்யவில்லை. அவள் சொல்லவும் இல்லை. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டார். வேனில் மைத்துனன் ஒரு பகடிகூடச் சொல்லாமல் ஓட்டினான். கேட்டில் இறக்கிவிட்டு, "எதிர்ல டீக்கடைல இருக்கேன்," என்று மட்டும் சொன்னான்.

எலி எழுந்தான். குதிகால்கள் மோதின. கை நெற்றிக்குப் போயிற்று.

"மாஸ்டர் சார்!"

மாஸ்டர் சரளைக்கல்லைப் பார்த்தார். கைத்தடி வலது கையிலேயே இருந்தது. மனைவியின் விரல்கள் அவருடைய இடது கையை இறுக்கின. அவன் பெல்ட் சரியாக இருந்தது. கடைக்கண்ணில் அது தெரிந்தது. அவர் தாண்டிப் போனார்.

மெதுவாக நடந்தார். தரை ஆடியது. காலடியில் கிடந்த கற்கள் பக்கவாட்டில் ஓடின. அவர் காது பின்னால் வர வேண்டிய ஒரு சத்தத்துக்குக் காத்திருந்தது. உள்ளங்கை தொடையில் தட்டும் சத்தம். அது வரவில்லை. மைதானத்தின் பாதிக்கு வந்தும் அது வரவில்லை. திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் விழுவார். அவன் கை இன்னும் நெற்றியில்தான் இருக்கும். அவர் சொல்லிக்கொடுத்தது.

தலை தானாகத் திரும்பியது.

மனைவியால் பிடிக்க முடியவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். முழங்காலில் சரளை குத்தியது. கைத்தடி உருண்டு போயிற்று. அவள் எழுந்து, அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போது அவள் மேலே ஜன்னலைப் பார்த்தாள். திரை ஒதுங்கியிருந்தது. பார்த்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அறையில் டாக்டர் அதே மாதிரி காதில் டார்ச் அடித்தார். அதே விரலைக் காட்டினார். கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடச் சொன்னார். மாஸ்டர் அதே மாதிரி சாய்ந்தார். இந்த முறை டாக்டரே எழுந்து வந்து பிடித்தார்.

"உக்காருங்க. தண்ணி குடிங்க." முழங்காலில் ரத்தத்தைப் பார்த்தார். உதவியாளனிடம் பஞ்சு கொண்டுவரச் சொன்னார். "போன தடவ ஏதோ வீம்புல நடந்துட்டீங்க போல. இன்னிக்குதான் உள்ளது உள்ளபடி வந்திருக்கீங்க."

மாஸ்டர் அவர் முகத்திலேயே கண்ணை வைத்திருந்தார்.

"இல்லியா?"

"ஆமா சார்," என்றார் மாஸ்டர்.

அங்கேயே எழுதிக் கொடுத்தார்கள். மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை. மனைவி அதை வெளியே தாழ்வாரத்தில் நின்று படித்தாள். 'நிரந்தர ஊனம். எந்தப் பணிக்கும் தகுதியற்றவர்.' இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது.

"ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேங்க," என்றாள்.

உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளால் கண்ணை மூட முடிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளாக எழுந்திருக்கும்வரை கூப்பிடவில்லை.

திரும்பும்போது மைதானத்தை மெதுவாகக் கடந்தார்கள். ஜன்னலில் இப்போது திரை மூடியிருந்தது.

எலி கொட்டகையின் கீழ் நின்றுகொண்டிருந்தான். கை கீழே இருந்தது. இடது கையால் வலது தோளைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்ததும் நிறுத்தினான். சல்யூட் அடிக்கவில்லை. வெளியே போகிறவர்களுக்கு அடிக்கச் சொல்லி உத்தரவு இல்லை.

"ஆச்சா சார்?"

"ஆச்சு."

"நிரந்தரம்னு எழுதிட்டாங்க தம்பி," என்றாள் மனைவி. சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"நல்லதும்மா."

அவன் கேட்டின் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். தெருவின் அந்தப் பக்கம் டீக்கடையில் நாலைந்து பேர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனிடம் கையை நீட்டினான். மைத்துனன் வேனைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் எலியின் முன்னால் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. பெல்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம் என்று நினைத்தார்.

எலி முந்திக்கொண்டான். குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான்.

"கை வரலியே சார். அதையும் சேத்து எழுதி வாங்கிட்டீங்களா?"